இரும்புச் சுவடிகள்: தீவிலே பழைய மோட்டார் வண்டி தேடுவோர்க்குச் சில வரலாற்றுக் குறிப்புகள்

வரலாற்றுக்கு ஆதாரம் எவை என்று கேட்டால் கல்வெட்டு, செப்பேடு, நாணயம், ஓலைச்சுவடி என்று பள்ளிப்பிள்ளைகூட ஒப்பித்துவிடும். மோட்டார் வண்டியை அந்த வரிசையில் யாரும் சேர்ப்பதில்லை. ஆனால் நிதானமாக யோசித்துப் பாருங்கள். பிறந்த ஆண்டும் ஊரும் பொறித்த தகடு அதில் இருக்கிறது. யார் கையிலிருந்து யார் கைக்குப் போயிற்று என்ற கொடிவழி ஆர்.சி. புத்தகத்தில் இருக்கிறது. எந்தக் காலத்தில் எந்தப் பொருள் கிடைத்தது, எது கிடைக்காமல் எதை ஒட்டுப்போட்டார்கள் என்பதெல்லாம் அதன் உடம்பிலேயே எழுதியிருக்கிறது. படிக்கத் தெரிந்தவனுக்கு அது ஓர் இரும்புச் சுவடி.

அபர்தீன் பஜாரில் நெடுங்காலமாக இரும்புச் சாமானும் உதிரிப் பாகமும் விற்றுவரும் வியாபாரி நான். பட்டம் பெற்ற அறிஞன் அல்லன். ஆயினும் பழைய ஜீப்பும் அம்பாசடரும் ஃபியட்டும் வைத்திருப்பவர்கள் கடை வாசலில் நின்று பேசிய பேச்சையும், படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துப் பார்க்கையில் ஒன்று விளங்கிற்று. பழைய வண்டி வாங்குவது நகை வாங்குவதுபோல் அல்ல, சுவடி வாங்குவதுபோல. அழகைப் பார்த்து வாங்கினால் ஏமாற்றம். வாசித்து வாங்கினால் ஆதாயம், அவருக்கும் ஊருக்கும். அந்த வாசிப்பைப் பற்றியதே இக்கட்டுரை.

சென்னையும் மோட்டாரும்

நம் தமிழகம் மோட்டார்த் தொழிலுக்குப் புதிது அன்று. சென்னை மவுண்ட் ரோட்டில் சிம்சன் கம்பெனியைச் சேர்ந்த சாமுவேல் ஜான் கிரீன் 1903-ஆம் ஆண்டிலேயே நீராவியால் ஓடும் காரை உருவாக்கினார். 1905-இல் அதே கம்பெனியின் நீராவிப் பேருந்து பெஜவாடாவுக்கும் மசூலிப்பட்டினத்துக்கும் இடையே ஓடியது. சென்னையில் எம்.சி. 1 என்ற பதிவு எண்ணைப் பெற்ற வண்டி துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் அவர்களுடையது என்று சென்னை வரலாறு எழுதியோர் குறித்துள்ளனர். கணித மேதை இராமானுஜனுக்குத் துறைமுக அலுவலகத்தில் ஆதரவாக நின்றவரும் இவரே. மதுரையில் டி.வி.எஸ். நிறுவனம் 1912-இல் பேருந்து ஓட்டியது. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் தட்டுப்பட்டபோது, கரி போட்டு வாயு உண்டாக்கி வண்டி ஓட்டும் கருவியையும் அந்நிறுவனம் செய்து விற்றது.

சுதந்திரத்தையொட்டி இந்தியாவில் கார் செய்தவை முக்கியமாக மூன்று நிறுவனங்கள். பிர்லா குடும்பத்தின் இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1942-இல் தோன்றி, பின்னர் கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் நிலைகொண்டது. சோலாப்பூர்ச் சமணக் குடும்பத்தில் பிறந்த வால்சந்த் ஹிராசந்த் 1944-இல் பம்பாயில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். மூன்றாவது நம் சென்னையின் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ். 1948-இல் தோன்றி, வண்டலூர்ப் பக்கம் ஆலை கண்டது. ஹெரால்டு என்னும் அழகிய சிறு கார் 1961 முதல் அங்கிருந்துதான் வெளிவந்தது. நான்கு கதவு கொண்ட ஹெரால்டு ஆங்கிலேயன் செய்யாதது, நம்மவர் செய்தது. 1972-இல் கெசல், 1985-இல் ஸ்டாண்டர்ட் 2000 என்று தொடர்ந்து, பிறகு அந்த ஆலை அடங்கிப்போயிற்று.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், தீவுக்கு வரும் பயணிகள் கப்பல்களின் தாய்த்துறைகள் சென்னை, கல்கத்தா, விசாகப்பட்டினம் ஆகியவை. அம்பாசடர் பிறந்தது கல்கத்தா அருகே. ஹெரால்டு பிறந்தது சென்னையில். ஆகவே இங்கே பழைய வண்டிக்குப் பாகம் தேடுபவன் கப்பல் போகும் திசையிலேயே தேடலாம். கல்கத்தா மல்லிக் பஜார், சென்னை புதுப்பேட்டை, ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு – இந்த மூன்று பெயரும் அவனுக்குத் திருத்தலங்கள்போல. ஃபியட்காரன்தான் பம்பாய் வரைக்கும் கை நீட்ட வேண்டும்.

தீவிலே வண்டி எங்கே கிடைக்கும்?

சென்னையிலிருந்து போர்ட் பிளேர் – 2024 செப்டம்பர் முதல் அரசு சூட்டிய பெயர் ஸ்ரீ விஜயபுரம் – கடல்வழியே ஏறத்தாழ 1,190 கிலோமீட்டர். இங்கே ஓடும் ஒவ்வொரு வண்டியும் இந்தத் தூரத்தைக் கப்பலில் கடந்து வந்ததுதான். கப்பல் கூலி கொடுத்துக் கொண்டுவந்த பொருளை மனிதன் லேசில் எறிய மாட்டான். மெயின்லேண்டில் ஐந்து வருடத்தில் மாற்றிவிடுகிற வண்டியை இங்கே ஒட்டி ஒட்டி ஓட்டினார்கள். ஒரு பக்கம் உப்புக்காற்று தின்றது. மறுபக்கம் மனிதர் விடாமல் காத்தார்கள். தீவின் பழைய வண்டிகளின் வரலாறு இந்த இழுபறிதான்.

கிடைக்கும் இடங்கள் மூன்று. முதலாவது, வீட்டுக் கொட்டகை. தாத்தா ஓட்டியது, அப்பா நிறுத்தியது, பேரன் விற்க நினைப்பது. இவைதான் சிறந்தவை, ஏனெனில் கை மாறாதவை. இரண்டாவது, பழைய டாக்சிக்காரர்கள். அம்பாசடர் இவ்வூரில் டாக்சியாகப் பலகாலம் உழைத்தது. ஆனால் உழைத்த வண்டியில் முதலில் இருந்த உறுப்பு கொஞ்சமாகத்தான் மிஞ்சியிருக்கும். மூன்றாவது, அரசு ஏலம். இந்தத் தீவுகளில் சாலையும் காடும் துறைமுகமும் அரசின் கையில் இருந்ததால் ஜீப்புகளும் அரசின் கையில் இருந்தன. இலாகா கழித்த வண்டியை ஏலத்தில் எடுத்து ஓட்டிய குடும்பங்கள் பல. ஏலத்தில் எடுத்த வண்டியைப் பெயர் மாற்றப் படிவம் 32 என்று சட்டத்திலேயே தனிப் படிவம் உண்டு. இந்த மூன்றாவது வழிக்கு இப்போது என்ன நேர்ந்தது என்பதைக் கட்டுரையின் பிற்பகுதியில் சொல்கிறேன்.

நான்காவதாக ஓர் இடம் உண்டு. அது காயலான் கடை. காயல்பட்டினத்து வணிகரால் வந்த பெயர் என்பர். அங்கே முழு வண்டி தேடக்கூடாது, பாகம் தேட வேண்டும். கழித்துப் போட்ட ஒரு வண்டியின் கதவுக் கைப்பிடி, விளக்கு வளையம், மீட்டர் பெட்டி இவை இன்னொரு வண்டிக்கு உயிர்.

வண்டியின் வயதைப் படித்தல்

விற்கிறவர் சொல்லும் வருஷத்தை அப்படியே நம்பக்கூடாது. வண்டியே சொல்லும், கேட்டால்.

ஜீப்பை எடுத்துக்கொள்ளுங்கள். போர்க்காலத்தில் அமெரிக்காவில் வில்லிஸ், ஃபோர்டு என்ற இரு கம்பெனிகளும் ஒரே அமைப்பில் ஜீப் செய்தன. ஃபோர்டு செய்ததில் போல்ட்டின் தலையிலேயே அவர்கள் பெயரின் முதல் எழுத்தைப் பொறித்திருப்பார்கள். முன்பக்கக் குறுக்குச் சட்டம் குழாயாக இருந்தால் வில்லிஸ், கவிழ்த்த தொட்டிபோல் இருந்தால் ஃபோர்டு. 1940-களின் இறுதியில் மஹிந்திரா பம்பாயில் ஜீப் பூட்ட ஆரம்பித்தது. ‘மிலிட்டரி ஜீப்புங்க, ஜப்பான்காரன் காலத்து வண்டி’ என்று ஒருவர் சொன்னால் முதலில் குனிந்து அந்தச் சட்டத்தைப் பார்க்க வேண்டும். 1942 மார்ச் 23 முதல் 1945 அக்டோபர் வரை ஜப்பானியர் இத்தீவை ஆண்டது உண்மை. அதற்காக இங்கிருக்கும் துருப்பிடித்த ஜீப்பெல்லாம் போர்க்களம் கண்டது ஆகிவிடாது.

அம்பாசடர் 1957-இல் வந்தது. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசையின் உரு. 1960-களின் தொடக்கத்தில் மார்க் 2, 1975-இல் மார்க் 3, 1979-இல் மார்க் 4, 1990-இல் நோவா. முகத்தைப் பார்த்தே பெரும்பாலும் சொல்லலாம்: நெருக்கமான கட்டம் போட்ட சல்லடை மார்க் 2, படுக்கைக் கோடுகள் மார்க் 3. 2014 மே மாதம் உத்தர்பாராவில் உற்பத்தி நின்றது. ஆனால் முகத்தை மட்டும் மாற்றி வைப்பது சுலபம். மார்க் 4 உடம்பில் மார்க் 2 முகம் வைத்து ‘அறுபத்தஞ்சு மாடல்’ என்று சொல்வார்கள். ஆகவே முகத்தோடு டேஷ்போர்டும் கதவுக் கைப்பிடியும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும். நடை வேறு, எழுத்து வேறு, சொல் வேறாக இருக்கும் சாசனத்தைக் கல்வெட்டு அறிஞர் எப்படிச் சந்தேகிப்பாரோ, அப்படி.

ஃபியட் 1100 நம் நாட்டில் 1954-இல் வந்தது. முற்கால வண்டியின் முன்கதவு கீல் பின்புறம் இருக்கும். கதவு முன்பக்கமிருந்து திறக்கும். 1964-இல் டிலைட், 1970-களின் தொடக்கத்தில் பிரசிடென்ட், 1974-இல் பத்மினி. எஞ்சின் 1,089 சி.சி. இதற்கு எம்.எம். ஸ்பேனர், அம்பாசடருக்கு இஞ்ச் ஸ்பேனர். ஃபியட்டில் இஞ்ச் போல்ட் முடுக்கியிருந்தால், கைக்குக் கிடைத்ததைப் போட்ட மெக்கானிக் ஒருவர் அங்கே வந்து போயிருக்கிறார் என்று பொருள்.

ஹெரால்டு இவற்றிலிருந்து மாறுபட்டது. அம்பாசடருக்கும் ஃபியட்டுக்கும் உடம்பே எலும்பு. ஹெரால்டுக்கு அடிச்சட்டம் தனி. உடம்பைத் துண்டு துண்டாகப் போல்ட் போட்டு மேலே பூட்டியிருக்கும். பானட் முழுவதும் முன்பக்கம் சாய்ந்து முதலை வாய்போல் திறக்கும். ஆகவே ஹெரால்டில் மேல்தகடு நன்றாக இருக்கிறதே என்று மகிழக்கூடாது. அடிச்சட்டமும் அதிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகளும் எப்படி இருக்கின்றன என்பதே கேள்வி.

எண்ணே சாசனம்

கல்வெட்டு படிப்போர் மைப்படி எடுப்பார்கள். ஈரத்தாளைக் கல்லின் மேல் ஒட்டி, தட்டி, மை ஒற்றி எடுக்கும்போது கண்ணுக்குத் தெரியாத எழுத்தும் தெரியும். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சேசிஸ் நம்பர் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுக்கிறார்களே, அதுவும் இதே கலைதான். வாங்குமுன் நீங்களே ஒரு தாளும் பென்சிலும் கொண்டுபோய் இதைச் செய்யுங்கள். எழுத்தின் இடைவெளி சமமாக இருக்கிறதா, ஆழம் ஒன்றாக இருக்கிறதா, எண்ணைச் சுற்றி வெல்டிங் தழும்பு இருக்கிறதா என்பது தாளில் வந்துவிடும். தகட்டு ரிவெட் பழையதா புதியதா என்று பாருங்கள். போலிச் செப்பேடு செய்தவன் நம் முன்னோர் காலத்திலும் இருந்தான். போலித் தகடு செய்கிறவன் நம் காலத்திலும் இருக்கிறான்.

எனக்குத் தெரிந்த ஒருவர் மெயின்லேண்டிலிருந்து பழைய கார் ஒன்றைப் போட்டோ பார்த்தே விலை பேசி, கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தார். பளபள என்றிருந்தது. ஆர்.சி.யில் இருந்த எஞ்சின் நம்பர் வேறு, வண்டியில் இருந்தது வேறு. பெட்ரோல் எஞ்சினை எடுத்துவிட்டு எவரோ எக்காலத்திலோ டீசல் எஞ்சின் வைத்திருக்கிறார். அலுவலகத்தில் அனுமதி பெறவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-இன்படி இப்படிப்பட்ட மாற்றம் பதிவேட்டில் ஏற வேண்டும். ஏறாததால் வண்டி அவர் பெயருக்கு மாறவில்லை. விற்றவர் போனை எடுக்கவில்லை. கடைசியில் அது கொட்டகையிலேயே நின்று உப்புக்கு இரையாயிற்று. காசு போனது அவருக்கு. ஒரு வண்டி போனது எல்லோருக்கும்.

ஆகவே காகித வரிசையைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். அசல் ஆர்.சி.; காணாமற்போயிருந்தால் நகலுக்குப் படிவம் 26. வேறு மாநிலத்து வண்டியென்றால் பிரிவு 48-இன்கீழ் தடையில்லாச் சான்று, அதற்குப் படிவம் 28. பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் பிரிவு 47-இன்கீழ் புதுப் பதிவு எண். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. சொந்தக்காரர் காலமாகியிருந்தால் வாரிசுகளுக்குப் படிவம் 31. அதை முடித்த பிறகே வாங்க வேண்டும். கொட்டகை வண்டிகளில் பாதிச் சிக்கல் இதில்தான். நாலு பிள்ளைகளில் ஒருவர் விற்பார், இன்னொருவர் வழக்குப் போடுவார். ‘அண்ணாச்சி, எல்லாரும் ஒப்புக்கிட்டாங்களா?’ என்று முதலில் கேட்டுவிடுங்கள். அதில் வெட்கமில்லை.

துருவின் இலக்கணம்

தீவில் ஆண்டுக்கு ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர் மழை. இரண்டு பருவமும் நனைக்கும். இரும்பும் ஈரமும் காற்றும் சேர்ந்தால் துரு. அதில் உப்பும் கலந்தால் அந்த வேலை பலமடங்கு வேகம். மெயின்லேண்டு வண்டிக்கு வெளியிலிருந்து துரு பிடிக்கும். நம் வண்டிக்கு உள்ளேயிருந்து பிடிக்கும். கதவுக்குள், கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிப் பகுதிக்குள், டிக்கியில் ஸ்டெப்னி கிடக்கும் குழிக்குள். அம்பாசடரிலும் ஃபியட்டிலும் அந்தப் பெட்டிப் பகுதிதான் உடம்பைத் தாங்குவது.

சோதிக்கும் முறை எளிது. ஒரு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி உடம்பெல்லாம் வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, பட்டிதான் இருக்கிறது. தரைவிரிப்பைத் தூக்குங்கள். நாலு கதவையும் திறந்து மூடுங்கள். கதவு தொங்கினால் கீல் மட்டும் காரணமாக இராது. காலையில் குளிர்ந்த எஞ்சினை உங்கள் எதிரில் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். புகை நீலமானால் ஆயில் எரிகிறது; கறுப்பானால் பெட்ரோல் அதிகம்; வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் தண்ணீர் உள்ளே போகிறது. எஞ்சின் கெட்டிருந்தால் பயப்படாதீர்கள். போரிங் செய்து ஓவர்சைஸ் பிஸ்டன் போட லேத்துக்காரர் இருக்கிறார். தகடும் அடிச்சட்டமும் போயிருந்தால்தான் பயப்பட வேண்டும். சிறு அலங்கார உறுப்புகள் காணாமற்போயிருந்தாலும் யோசிக்க வேண்டும். எஞ்சினைவிட அவைதான் அகப்படுவது அருமை.

இன்னொன்று, நம் ஊருக்கே உரியது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் கடல்நீர் புகுந்த இடங்களில் நின்ற வண்டிகள் உண்டு. தென் அந்தமானில் நிலமே தாழ்ந்து, சிப்பிகாட் வயல்கள் நீரில் நின்றதை நாம் பார்த்தோம். அப்படி மூழ்கி எழுந்த வண்டியைப் பிறகு எத்தனை பெயின்ட் அடித்திருந்தாலும், சீட்டின் அடிக்கம்பியிலும் மீட்டரின் உட்புறத்திலும் விளக்குக் கண்ணாடியின் உள்வளையத்திலும் உப்பின் தடம் நிற்கும். வாங்குமுன் ‘அந்த வருஷம் இந்த வண்டி எங்கே நின்றது?’ என்று கேளுங்கள்.

பெட்ரோல் பற்றியும் ஒரு வார்த்தை. 2000 பிப்ரவரியிலிருந்து நாடெங்கும் ஈயம் கலவாத பெட்ரோலே விற்கப்படுகிறது. ஈயத்தை நம்பிச் செய்த பழைய எஞ்சின்களில் வால்வு சீட் தேயும்; ஓவர்ஹால் செய்யும்போது கடினமான சீட் பதித்துக்கொள்வது நலம். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர்க் குழாயையும் வாஷரையும் அரிக்கும், ஈரத்தையும் இழுக்கும். மெயின்லேண்டிலிருந்து வண்டி கொண்டுவருவோர் அந்தக் குழாய்களை முதலில் மாற்றிவிட வேண்டும்.

புதுப்பித்தலும் பாதுகாத்தலும்

கோயில் திருப்பணி என்ற பெயரில் மணல் வீச்சு அடித்துக் கல்வெட்டுகளை அழித்த கதை நமக்குத் தெரியும். சுவர் வெள்ளையாயிற்று, வரலாறு போயிற்று. காருக்கும் அதே மணல் வீச்சு உண்டு, அதே ஆபத்தும் உண்டு. அடிச்சட்டத்தில் கண்டபடி அடித்தால் எண் தேயும். பழைய பெயின்ட் அடுக்குகள் எல்லாம் போனபின், அது முதலில் என்ன நிறத்தில் பிறந்தது என்பதைச் சொல்ல வழியே இராது.

உலகப் பழைய வாகனச் சங்கங்களின் கூட்டமைப்பான ஃபீவா 1966-இல் தோன்றியது. 2012-இல் அது டூரின் சாசனம் என்ற ஒன்றை ஏற்றுக்கொண்டது. கட்டடங்களைக் காப்பதற்கு 1964-இல் எழுந்த வெனிஸ் சாசனமே அதற்கு முன்மாதிரி. அதன் சாரம் இது: இருப்பதைக் காப்பது முதல் கடமை, மாற்றுவது வேறு வழி இல்லாதபோது, மாற்றியதை எழுதி வைப்பது எப்போதும். ஃபீவாவின் கணக்கில் 30 ஆண்டு கடந்து, உரிய நிலையில் காக்கப்பட்டு, அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படாத வண்டி வரலாற்று வண்டி.

இது நமக்குப் புதிய பாடம் அல்ல. உ.வே.சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது என்ன செய்தார்? ஒரு சுவடியில் இல்லாததைத் தம் கற்பனையால் நிரப்பவில்லை. வேறு சுவடிகளைத் தேடிச் சேர்த்தார். கும்பகோணத்துச் சமணர்களிடம் போய் அமர்ந்து, வழக்கில் உள்ள பொருளைக் கேட்டார். வண்டி சீரமைப்போரும் இதைத்தான் செய்ய வேண்டும். ஒரு ஹெரால்டின் இழந்த உறுப்பை இன்னொரு ஹெரால்டைப் பார்த்துச் செய்ய வேண்டும். அந்தக் காலத்தில் அந்த வண்டியில் கை வைத்த மெக்கானிக்கை, டிங்கரை, பெயின்டரை உட்காரவைத்துக் கேட்க வேண்டும். அவர்களுக்கெல்லாம் இப்போது வயதாகிவிட்டது. அவர் போய்விட்டால் கார்புரேட்டர் காது கேட்டுத் திருப்பும் கலையும் அவரோடு போகும்.

கோயம்புத்தூர் அவிநாசி சாலையில் ஜி.டி.நாயுடு அவர்களின் பெயரால் 2015-இல் கார் அருங்காட்சியகம் திறந்தார்கள். கல்கத்தாவில் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகை 1968 முதல் பழைய கார் பேரணி நடத்திற்று. பெரிய ஊருக்குப் பெரிய ஏற்பாடு. நமக்கு அவ்வளவு வேண்டாம். ஒழுங்காக ஒரு காரியம் நடந்தால் போதும். அது என்ன என்பதற்குமுன் சட்டம் சொல்வதைக் கேளுங்கள்.

பதினைந்துக்கும் ஐம்பதுக்கும் நடுவே

மத்திய அரசு 2021 ஜூலையில் பழம்பெரும் வாகனங்களுக்கென்று விதி வகுத்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, வணிகத்துக்குப் பயன்படாத இருசக்கர, நான்குசக்கர வண்டிகள் இதில் சேரும். சேசிஸ், உடல், எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இருக்கக்கூடாது. புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டுக்குச் செல்லும், மறுபதிவுக்கு 5,000. ஏற்கெனவே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். காட்சிக்கும் பேரணிக்கும் ஆராய்ச்சிக்கும், பெட்ரோல் போடவும் பழுது பார்க்கவும் சாலையில் ஓட்டலாம். அன்றாட ஓட்டத்துக்கு அல்ல. நல்ல விதிதான். மாற்றாமல் வைத்திருந்தவனுக்கு மரியாதை செய்கிற விதி.

மறுபக்கம் பாருங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் 15 ஆண்டு கடந்த அரசு வண்டிகளின் பதிவு முடிந்துவிடுகிறது. அவற்றை அங்கீகாரம் பெற்ற முறிப்பு நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். படைத்துறை, காவல் பணிக்கான சிறப்பு வண்டிகளுக்கு மட்டும் விலக்கு. தனியார் வண்டிக்கு இந்தக் கட்டாயம் இல்லை. 15 ஆண்டுக்குப் பின் ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கலாம். ஆனால் 600 ரூபாயாக இருந்த காரின் புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆயிற்று. 20 ஆண்டு கடந்த காருக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆயிற்று.

புகையும் விபத்தும் குறைய வேண்டும் என்பதை மறுப்பார் இல்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 50 வயதில் மாலை. 15 வயதில் முறிப்பு. நடுவில் உள்ள 35 ஆண்டை எந்த வண்டி எப்படிக் கடக்கும்? கடைசிப் பத்மினி மாலை வாங்க 2050 ஆகும். கடைசி அம்பாசடருக்கு 2064. மெயின்லேண்டில் வண்டிகள் ஏராளம். தனியார் கையில் சில தப்பும். நம் தீவிலோ பழைய ஜீப்பு என்றாலே பெரும்பாலும் இலாகா வண்டி. காட்டுச் சாலை போட்டவர்களையும் குடியேறியவர்களுக்கு மருந்து கொண்டுபோனவர்களையும் சுமந்த வகை அது. ஏல வழி அடைபட்டபின் அவ்வகை வண்டி ஒன்றுகூட மிஞ்சாமல் போகக்கூடும். ஐம்பது வருஷம் கழித்து நம் பேரப்பிள்ளைகள் வாழ்த்த வண்டி இராது, விதி மட்டும் இருக்கும்.

நாம் செய்யத்தக்கது

ஒன்று: வாங்க நினைப்பவர் பளபளப்பை வாங்க வேண்டாம். கையிருப்பில் முழுதாக, மாற்றமில்லாமல், காகிதத்தோடு இருப்பதை வாங்குங்கள். அழகில்லாத அசல், அழகான கலப்பைவிட மேல்.

இரண்டு: வாங்கியவர் வேலை தொடங்குமுன் போட்டோ எடுங்கள். கழற்றிய ஒவ்வொரு உறுப்பையும் சீட்டு எழுதிக் கட்டி வையுங்கள். பழைய பாகம் உதவாது என்றாலும் எறியாதீர்கள். வண்டியோடு ஒரு நோட்டு இருக்கட்டும்.

மூன்று: விற்கிறவர் ஆர்.சி.யின் படியோடு அந்த வண்டியின் கதையையும் எழுதிக் கொடுங்கள். எந்தத் துறைமுகத்தில் ஏற்றியது, யார் ஓட்டியது, எந்த வருஷம் நின்றது என்று ஒரு பக்கம் போதும்.

நான்கு, இதுதான் முக்கியம்: சங்கத்தில் ஒரு பதிவேடு வைக்கலாம். இத்தீவுகளில் 1990-க்கு முன் பதிவான வண்டிகள், நின்றவையோ ஓடுபவையோ, எத்தனை உண்டோ அத்தனைக்கும் ஆளுக்கொரு பக்கம். வகை, ஆண்டு, சேசிஸ் எண்ணின் பென்சில் படி, நிறம், இருக்கும் நிலை. இதற்குப் பணம் வேண்டாம். நாலு இளைஞர்களும் ஒரு பெரியவரும் போதும். அந்தப் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வோர் இலாகாவிலும் பழைய வண்டி ஒன்றையாவது ஓடாத நிலையில் காட்சிப் பொருளாக நிறுத்த வழிசெய்யுமாறு நிர்வாகத்தைக் கேட்கலாம். கேட்கிறவன் கையில் கணக்கு இருந்தால் கொடுக்கிறவன் காது திறக்கும். நாற்பது வருஷ வியாபாரத்தில் நான் கண்ட பாடம் அது.

சுவடிகளை ஆற்றில் விட்ட காலமும் ஒன்று நம்மிடையே இருந்தது. வீட்டில் இடத்தை அடைக்கிறது, படிக்க ஆளில்லை என்று ஆடிப்பெருக்கில் விட்டார்கள். பின்னால் வந்தவர்கள் அதை நினைத்து அழுதார்கள். இரும்புச் சுவடிகளை முறிப்பு நிலையத்துக்கு அனுப்புமுன் ஒருமுறை படித்தாவது வைப்போம்.